உப்பளத்து உப்பும் சங்கும் முத்தும் மணலும்: எது கனிமம்?

திருப்புல்லாணிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. பாடநூல் உப்பைக் கனிமம் என்கிறது. அப்படியென்றால் வாலிநோக்கம் உப்பளத்தில் வாருகிற உப்பும் கனிமம்தானா, கடலில் எடுக்கும் சங்கையும் முத்தையும் எதில் சேர்ப்பது, பவளக்கல் என்ன, கடற்கரை மணல் என்ன என்று பிள்ளைகள் அடுக்கடுக்காகக் கேட்கிறார்களாம். பிள்ளைகள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள். ஒரு பொருள் கனிமமா என்பதை, அது எதனால் ஆனது என்பது மட்டும் தீர்மானிப்பதில்லை. அதன் அணுக்கள் எந்த ஒழுங்கில் அமைந்திருக்கின்றன, அது எந்த வழியில் உண்டாயிற்று என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகே சொல்ல முடியும். ராமநாதபுரம் கடற்கரையில் கிடைக்கும் பொருள்களில் பல, இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கின்றன. ஆகவே பதில் சற்று நீளமாகவே இருக்கும்.

முதலில் இலக்கணம். புதிய கனிமங்களை ஆராய்ந்து பெயருக்கு ஒப்புதல் தருவது 1958இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுக் கனிமவியல் சங்கம். அதன் சார்பில் 1995இல் வகுத்துச் சொல்லப்பட்ட வரையறை, புவியியல் செயல்களால் உண்டான, பொதுவாகப் படிக அமைப்புடைய தனிமம் அல்லது சேர்மமே கனிமம் என்கிறது. பாடநூல்கள் இதையே விரித்து, இயற்கையில் கிடைக்க வேண்டும், திண்மமாக இருக்க வேண்டும், வேதியியல் இயைபு ஒரு வரம்புக்குள் நிற்க வேண்டும், அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டும், உயிரற்ற வழியில் உண்டாகியிருக்க வேண்டும் என்று எழுதுகின்றன. திண்மம் என்ற நிபந்தனையில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. பனிக்கட்டி கனிமம், தண்ணீர் கனிமம் இல்லை. பாதரசம் மட்டும் சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருந்தும், பழைய வழக்கை ஒட்டிக் கனிமப் பட்டியலில் இடம் பெற்றிருக்கிறது. இன்று அந்தப் பட்டியலில் ஏறத்தாழ 6,000 கனிமங்கள் உள்ளன.

என் கருத்தில், இந்த நிபந்தனைகளுள் முதலிடம் பெறுவது அணுக்களின் ஒழுங்கு. அதைக் காட்டுவதற்கு உப்பைவிடத் தோதான பொருள் கிடையாது. காற்று அடங்கிய பிற்பகலில் உப்பளப் பாத்தியின் ஓரத்தில் குனிந்து பார்த்தால், நீரின் மேற்பரப்பில் மெல்லிய சதுரத் தகடுகள் மிதப்பது தெரியும். அவற்றில் ஒன்றை விரல் நுனியில் ஏந்தி உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பாருங்கள். நடுவில் குழிந்து, நான்கு பக்கமும் படிப்படியாக உயரும் சதுரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். படிகத்தின் விளிம்புகளுக்கு உப்புக் கரைசல் எளிதாகக் கிடைப்பதால் அவை வேகமாக வளர்கின்றன, நடுப்பகுதி பின்தங்குகிறது, எடை கூடக்கூடத் தகடு சற்றே அமிழ, அதன் விளிம்பில் அடுத்த சதுரம் வளர்கிறது. கடைசியில் அது தலைகீழான கூம்பைப் போல ஆகி மூழ்கிவிடும். எத்தனை தகடுகளை எடுத்துப் பார்த்தாலும் மூலைகள் செங்கோணமாகவே இருக்கும். கல்லுப்பு ஒன்றை மெதுவாகத் தட்டி உடைத்தாலும், சில்லுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் தட்டையாகப் பிளக்கும்.

படிக முகங்களுக்கு இடையிலான கோணங்கள் மாறுவதில்லை என்பதை 1669இலேயே டென்மார்க் அறிஞர் ஸ்டெனோ எழுதிவிட்டார். ஏன் மாறுவதில்லை என்பதற்கு நேரடிச் சான்று கிடைக்க 1912 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் ஜெர்மன் இயற்பியலாளர் லாவே, படிகத்தின் வழியே எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை ஒழுங்கான புள்ளிகளாகச் சிதறுவதைக் காட்டினார். அடுத்த ஆண்டே பிராக் தந்தையும் மகனுமாக உப்பின் உள்ளமைப்பைக் கண்டறிந்துவிட்டார்கள். ஒவ்வொரு சோடியம் அயனியையும் (அயனி என்பது மின்னூட்டம் பெற்ற அணு) ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குளோரைடையும் அவ்வாறே ஆறு சோடியம் சூழ்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே 0.282 நானோமீட்டர் தூரம். வாசலில் இடும் புள்ளிக் கோலத்தை நீளம், அகலம், உயரம் என மூன்று பக்கமும் நீட்டிக்கொண்டே போனால் எப்படி இருக்குமோ அப்படியான அமைப்பு அது. இதில் சோடியமும் குளோரினும் ஜோடி சேர்ந்து நிற்கும் தனி மூலக்கூறு என்று எதையும் சுட்டிக் காட்ட முடியாது. அந்நாளைய வேதியியலாளர் சிலருக்கு இதை ஏற்றுக்கொள்வதே கடினமாக இருந்தது. உப்பை வகுப்பில் மூலக்கூறு என்று சொல்லிப் பழகிய நாமும் இந்த இடத்தில் சற்று நின்று திருத்திக்கொள்வது நல்லது.

இந்த ஒழுங்கை வைத்துப் பார்த்தால் கண்ணாடி ஏன் கனிமம் ஆகாது என்பது உடனே விளங்கும். அலையில் உருண்டு மழுங்கிக் கரை ஒதுங்கும் பச்சை, பழுப்பு நிறப் புட்டித் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பெரும்பங்கு சிலிக்கா. மணலில் உள்ள குவார்ட்ஸும் சிலிக்காதான். ஆனால் கண்ணாடியில் அணுக்கள் ஒழுங்கு பெறுவதற்கு முன்பே உறைந்துவிட்டன. அதனால்தான் அது உப்பைப் போலத் தட்டையாகப் பிளக்காமல் சங்கின் உட்புறம் போன்ற வளைவுகளோடு உடைகிறது. மனிதர் செய்தது என்பதற்காக மட்டும் அது விலக்கப்படவில்லை. எரிமலைக் குழம்பு விரைந்து ஆறியதால் இயற்கையில் உண்டாகும் அப்சிடியன் கண்ணாடியும் இதே காரணத்தால் கனிமம் இல்லை.

இனி வாலிநோக்கத்து உப்புக்கு வருவோம். தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் அங்கேதான் இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதைப் பாத்திகளில் தேக்கி வெயிலிலும் காற்றிலும் வற்ற விடும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. நீர் ஏறத்தாழப் பாதியாகக் குறையும்போது கால்சியம் கார்பனேட் சிறிதளவு வெளிப்படுகிறது. ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது ஜிப்சம் படியத் தொடங்குகிறது. பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்த பிறகே உப்பு விளைகிறது. நீரின் அடர்த்தியைப் பாமே மானி என்ற மிதவைக் கருவியில் அளந்து, அதன் 25 டிகிரி அளவில் விளையும் பாத்திக்கு விடுவதும், 30ஐ நெருங்குவதற்குள் மிஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிடுவதும் இதனால்தான். தாமதித்தால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து, உப்பு கசக்கும், ஈரமும் கோர்க்கும். வரிசையாக வெட்டப்பட்ட பாத்திகள் உண்மையில் கனிமங்களை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்தெடுக்கும் வேலையைச் செய்கின்றன. இந்த வரிசையை அனுபவத்தால் அறிந்து கடைப்பிடிக்கும் உப்பளத் தொழிலாளர்களின் திறமைக்கு நம் பாடநூல்கள் உரிய இடம் தரவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இவ்வாறு விளைந்த உப்பு கனிமமா? இயைபிலும் அமைப்பிலும் அது ஹாலைட் என்ற இயற்கை உப்புக் கனிமத்தோடு முற்றிலும் ஒன்று. எக்ஸ் கதிர்க் கருவியால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆனால் பாத்தி கட்டியவர் மனிதர், நீரைப் பாய்ச்சியவரும் வடித்தவரும் மனிதர். மனிதர் உண்டாக்கிய பொருளைக் கனிமம் என்று ஏற்பதில்லை என்பதே சங்கத்தின் விதி. அது இயற்கைக் கனிமம் ஒன்றோடு ஒத்திருந்தால், அந்தக் கனிமத்தின் செயற்கை இணை என்று குறிப்பிடலாம். கறாராகப் பார்த்தால் உப்பளத்து உப்பு அந்த வகுப்பில்தான் வரும். அதே நேரத்தில், மழைக்காலத்தில் கடல்நீரோ உவர்நீரோ தேங்கிய தாழ்வான நிலத்தில், யாரும் கை வைக்காமல், கோடையில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் உப்பு ஐயத்துக்கு இடமில்லாமல் ஹாலைட் கனிமம். இரண்டுக்கும் இடையே ஒரு வரப்பு மட்டுமே இருக்கலாம். வெயிலும் காற்றும் செய்யும் வேலையில் மனிதரின் பங்கு எவ்வளவு இருந்தால் அது செயற்கை ஆகிறது என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன்.

இந்த விதியும் எப்போதும் இதே கறாரோடு இருந்ததில்லை. கிரேக்க நாட்டின் லாரியான் பகுதியில், பழங்கால வெள்ளிச் சுரங்கத் தொழிலில் மிஞ்சிய உலைக் கசடுகள் கடலில் கொட்டப்பட்டன. அவற்றின் மேல் கடல்நீர் நூற்றாண்டுக் கணக்கில் வினைபுரிந்து உண்டாக்கிய சேர்மங்கள் முன்பு கனிமங்களாக ஏற்கப்பட்டன. இப்போது அப்படிப்பட்டவற்றைப் புதிதாக ஏற்பதில்லை. பட்டியலில் இருக்கும் கனிமங்களுள் 208, மனிதச் செயலால் மட்டுமோ பெரும்பாலும் அதனாலோ உண்டானவை என்று 2017இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

சங்கு, முத்து, பவளம் ஆகியவற்றில் கேள்வி இன்னும் நுட்பமாகிறது. மூன்றுமே முதன்மையாகக் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. அந்த ஒரே சேர்மம் முக்கியமாக இரண்டு விதமாக அடுக்கப்படலாம். ஒரு விதத்தில் அடுக்கினால் கால்சைட், மறு விதத்தில் அடுக்கினால் அரகோனைட். வேதியியல் வாய்பாடு ஒன்றாக இருந்தும் இவை இரண்டு தனித்தனிக் கனிமங்கள். கால்சைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.71 கிராம், அரகோனைட்டின் அடர்த்தி 2.93 கிராம். கீறலைத் தாங்கும் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் கால்சைட்டின் கடினம் 3, அரகோனைட் அதைவிடச் சற்றே கடினமானது. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி ஒன்றிலேயே இரண்டையும் பார்க்கலாம். ஓட்டின் வெளிப்பக்கம் மங்கலாக, சொரசொரப்பாக இருப்பது கால்சைட் தூண்கள் நெருக்கமாக நிற்கும் அடுக்கு. உட்பக்கம் பளபளப்பது அரகோனைட் தட்டுகளின் அடுக்கு. தட்டு ஒன்றின் தடிமன் ஏறத்தாழ அரை மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டாயிரம் தட்டுகள் வரை அடங்கும். அவற்றுக்கு இடையே மெல்லிய புரதப் படலம் இருக்கிறது. தட்டின் தடிமன் ஒளியின் அலைநீளத்துக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் முத்தின் மேல் அந்த வண்ண மினுக்கம். சிப்பிகளின் இந்த மினுக்கத்தை 1930களில் சர் சி. வி. ராமன் ஆராய்ந்திருக்கிறார். பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதியின் அலைநீளம் மாறுவதை 1928இல் அவர் கண்டறிந்தார். அந்த ராமன் விளைவை அடிப்படையாகக் கொண்ட கருவியால், முத்தைக் கீறாமல் உடைக்காமல், அது அரகோனைட்டா கால்சைட்டா என்று இன்று சொல்லிவிட முடிகிறது. அப்படிச் சிதறிய ஒளியின் நிறமாலையில் கால்சைட்டுக்கும் அரகோனைட்டுக்கும் வெவ்வேறு இடங்களில் கோடு விழும். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் வேறாக இருப்பதால் அவை அதிரும் விதமும் வேறாகிறது.

ஆக, முத்தில் இருப்பது அரகோனைட் என்பதில் ஐயமில்லை. இருந்தும் முத்து கனிமம் இல்லை. முற்றிலும் உயிரியல் செயலால் உண்டாகி, புவியியல் செயலின் பங்கே இல்லாத பொருளைக் கனிமமாகக் கொள்வதில்லை என்று விதி சொல்கிறது. அதற்குக் காட்டாகக் கடல்வாழ் மெல்லுடலிகளின் ஓடுகளும் சிறுநீரகக் கற்களும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கின்றன. சங்கும் இதற்குள் வந்துவிடும். இந்த விதியோடு உடன்படாத அறிஞர்களும் உண்டு. உயிர்கள் செய்யும் கனிமங்களைத் தனியொரு துறையாகவே வளர்த்தவர் லோவன்ஸ்டாம். கரைப் பாறைகளில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் கைட்டான் என்ற உயிரியின் பற்கள் மேக்னடைட்டால், அதாவது காந்த இரும்புக் கனிமத்தால், மூடப்பட்டிருப்பதை அவர் 1962இல் வெளியிட்டார். அதுவரை மேக்னடைட் பெரும் வெப்பத்திலோ அழுத்தத்திலோ மட்டும் உண்டாகும் என்று கருதியவர்களுக்கு அது பெரிய வியப்பு. என்னைக் கேட்டால், பெயர் சூட்டுவதற்கு ஓர் எல்லை தேவைப்படுவதால் சங்கத்தின் விதி இருக்கட்டும் என்பேன். ஆனால் வகுப்பறையில் சங்கு கனிமம் இல்லை என்று மொட்டையாகச் சொல்லி நிறுத்தக் கூடாது. சங்கு என்பது, ஓர் உயிர் தன் உடலின் வேதியியலால் அரகோனைட்டை அடுக்கிக் கட்டிய ஓடு என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உண்மையும் கிடைக்கும், வியப்பும் கிடைக்கும்.

பவளக்கல் இந்த வழக்கில் மிகச் சுவையான சாட்சி. பாறை கட்டும் பவள உயிரிகள் தங்கள் கூட்டை அரகோனைட்டால் அமைக்கின்றன. இன்றைய கடல்நீரில் கால்சியத்தைவிட மெக்னீசியம் பல மடங்கு அதிகம். அந்த நிலை கால்சைட் வளர்வதைத் தடுத்து அரகோனைட்டுக்குச் சாதகமாக இருக்கிறது. உயிருள்ள பவளத்தின் கூடு, சங்கைப் போலவே, விதிப்படி கனிமம் இல்லை. ஆனால் மண்டபம், ராமேஸ்வரம் தீவுப் பகுதிகளில், கடல் மட்டத்துக்கு மேலே வந்துவிட்ட பழைய பவளப்பாறைகள் இருக்கின்றன. ஏறத்தாழ 4,000 ஆண்டு வயதுடையவை அங்கே அளந்து காட்டப்பட்டுள்ளன. இப்படிக் கடலை விட்டு வெளியே வந்த பாறையில் மழைநீர் ஊறும்போது, நிலைத்தன்மை குறைந்த அரகோனைட் சிறிது சிறிதாகக் கரைந்து, அதே இடத்தில் கால்சைட்டாக மீண்டும் படிகமாகும். பவளத்தின் உருவம் அப்படியே நிற்க, உள்ளே பொருளின் அடுக்கு மாறிவிடும். அந்தக் கால்சைட்டை உண்டாக்கியது உயிர் இல்லை, நீரும் காலமும். ஆகவே அது முழுமையான கனிமம். உயிரின் கையிலிருந்து நிலத்தின் கைக்குப் பொருள் மாறும் அந்த இடத்தைத்தான் வரையறை எல்லையாகக் கொள்கிறது.

கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டால் கதை வேறு. சுமார் 900 டிகிரி வெப்பத்தில் கரியமில வாயு வெளியேறி, கால்சியம் ஆக்சைடு மிஞ்சுகிறது. நீர் ஊற்றினால் அது நீறி, சுவரில் பூசிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி மீண்டும் கால்சியம் கார்பனேட் ஆகிறது, இம்முறை பெரும்பாலும் கால்சைட்டாக. பழைய காரைச் சுவரில் இருக்கும் இந்தக் கால்சைட், உப்பளத்து உப்பைப் போல, மனிதர் செய்த இணை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவரில் பவளக்கற்களும் சுண்ணாம்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றை அடுக்கியது உயிர், மற்றொன்றைச் செய்தது மனிதர். பிள்ளைகளை அழைத்துச் சென்றால் தொட்டுப் பெயர்க்காமல் பார்க்கச் சொல்லுங்கள். கரையில் கிடக்கும் பவளத் துண்டையும் வகுப்புக்கு எடுத்து வர வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. சோதனைக்குச் சமையலறை உப்பும், தெருவில் கிடக்கும் கிளிஞ்சல் ஒன்றும், சில துளி வினிகரும் போதும்.

ராமேஸ்வரத்தில் தொட்டி நீரில் மிதக்கவிட்டுக் காட்டப்படும் கற்களைப் பற்றியும் பிள்ளைகள் கேட்கக்கூடும். மிதப்பது கனிமத்தின் குணத்தால் இல்லை. கால்சைட், அரகோனைட், குவார்ட்ஸ் எதுவானாலும் நீரைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் கனமானவை. கல்லுக்குள் காற்று அடைபட்ட நுண்துளைகள் போதிய அளவு இருந்தால் முழுக் கல்லும் சேர்ந்து நீரைவிட இலேசாகிவிடும். கனிமத்தின் பண்புக்கும், கனிமங்கள் கூடி உண்டான கல்லின் பண்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இது நல்ல வாய்ப்பு.

அந்த வேறுபாடே மணலுக்கும் விடை. மணல் என்பது பல கனிமத் துகள்களின் கலவை. ஆகவே மணல் ஒரு கனிமம் இல்லை, அதன் ஒவ்வொரு பருக்கையும் பெரும்பாலும் ஒரு கனிமம். உள்ளங்கையில் சிறிது பரப்பி உருப்பெருக்கியால் பார்த்தால் அதிகமாகத் தெரியும் நிறமற்ற, மங்கலான பருக்கைகள் குவார்ட்ஸ். கடினம் 7 இருப்பதாலும், நீரில் எளிதில் வேதிமாற்றம் அடையாததாலும், பாறை சிதைந்து ஆற்றோடு வரும் வழியில் மற்றவை தேய்ந்து களிமண்ணான பிறகும் அது மிஞ்சுகிறது. வெள்ளைச் சில்லுகள் கிளிஞ்சல் துண்டுகள், அவற்றில் வினிகர் பட்டால் நுரைக்கும். அலை வடிந்த தடத்தில் சில இடங்களில் படியும் கருமை கலந்த கோடுகளில் இல்மனைட், சிர்கான், கார்னெட் போன்ற கனமான கனிமங்கள் இருக்கும். இலேசான குவார்ட்ஸை அலை இழுத்துச் செல்ல, இவை பின்தங்கி ஒதுங்குகின்றன. இளஞ்சிவப்பாகத் தெரியும் கார்னெட்டைக் கொண்டு, இயைபு ஒரு வரம்புக்குள் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையையும் விளக்கலாம். அதன் அடுக்கில் இரும்பு இருக்கும் இடத்தில் மெக்னீசியமோ மாங்கனீசோ அமரலாம், விகிதம் பருக்கைக்குப் பருக்கை மாறலாம். அடுக்கு மட்டும் மாறாது. சிர்கான் அழிவை எதிர்த்து நிற்பதில் எல்லாவற்றையும் விஞ்சியது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்கான் பருக்கைகளில் மிகப் பழையதன் வயது ஏறத்தாழ 440 கோடி ஆண்டு.

கடைசியாக ஒரு நடைமுறைக் குழப்பம். மணல் அள்ளுவது பற்றிய அறிவிப்புகளில் மணலைக் கனிமம் என்றே எழுதியிருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம், சாதாரண மணலையும் களிமண்ணையும் கட்டுமானக் கல்லையும் சிறு கனிமங்கள் என்று வகைப்படுத்துகிறது. நிலக்கரியும் சட்டத்தின் பார்வையில் கனிமமே. தாவர எச்சத்திலிருந்து வந்த, நிலையான இயைபோ படிக அடுக்கோ இல்லாத நிலக்கரியைக் கனிமவியல் அவ்வாறு ஏற்பதில்லை. நிலத்திலிருந்து எடுக்கும் பொருளுக்கு உரிமமும் கட்டணமும் விதிப்பது சட்டத்தின் நோக்கம் என்பதால் அதன் வகைப்பாடு அந்த நோக்கத்துக்கு ஏற்ப அமைந்திருக்கிறது. அறிவியல் தேர்வில் மணலை, கனிமங்களின் கலவை என்று எழுதும் மாணவருக்கே முழு மதிப்பெண் தர வேண்டும்.